மருத்துவப் பணி ஒப்படைப்பு: பாக்தாதிலிருந்து வல்லம் வடகால் வரை

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், ஒரகடத்துக்கு அண்மையில் உள்ளது வல்லம் வடகால். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்திருந்த அவ்வட்டாரம் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயரால் அறியப்படுகிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று அங்கே பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு வளாகம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பப்பட்ட அவ்வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். ஓர் அறைக்கு அறுவர். ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகைக்கு ஈடான இளம்பெண்கள் ஒரே மதிலுக்குள் வாழ்ந்து, முறை வைத்து இரவும் பகலும் தொழிற்கூடம் சென்று திரும்புகின்றனர்.

இத்தகைய இடத்தில் நள்ளிரவில் ஒருத்திக்கு வயிற்றுவலியோ காய்ச்சலோ கண்டால், அவளை முதலில் பார்ப்பவர் மருத்துவராக இருப்பது அரிது. ஒரு செவிலியரோ, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற சக ஊழியரோ, விடுதிக் காப்பாளரோதாம் முதலில் அவளருகே வந்து நிற்பார்கள். அவர் எதைச் செய்யலாம்? எதைச் செய்யலாகாது? எந்தக் கட்டத்தில் மருத்துவரை அழைத்தாக வேண்டும்? அவர் செய்ததில் பிழை நேர்ந்தால் பொறுப்பு யாரைச் சாரும்? மருத்துவர் தமக்குரிய பணியொன்றைப் பிற மருத்துவப் பணியாளரிடம் ஒப்படைப்பது பற்றிய விதிகள் இவ்வினாக்களிலிருந்தே பிறக்கின்றன.

இவ்வினாக்கள் புதியனவல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் கேட்கப்பட்டவை. சென்னை மாகாணத்தில் இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருபவை. அவ்வரலாற்றை நாம் தொடர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மருத்துவம் மிகச் சிலரிடமிருந்து மிகப் பலரைச் சென்றடைந்த ஒவ்வொரு கட்டத்திலும், மருத்துவரின் கையிலிருந்து பணி வேறு கைகளுக்கு மாறியுள்ளது. ஆனால் பணியோடு பொறுப்பும் கைகழுவப்பட்டபோதெல்லாம் ஏழைகளே அதன் விலையைக் கொடுத்துள்ளனர்.

பாக்தாதில் ஒரு தேர்வு

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 931இல், பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறான சிகிச்சையால் பாமரர் ஒருவர் இறந்துபோன செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. இனித் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித் சோதித்து அனுமதித்தவரன்றி வேறெவரும் மருத்துவம் பார்க்கலாகாது என்று கலீஃபா ஆணையிட்டார். நகரின் இருகரையிலும் எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர். புகழ்பெற்றவர்களும் அரசவை மருத்துவர்களும் இக்கணக்கில் சேரார். இப்னுல் கிஃப்தீ, இப்னு அபீ உஸைபிஆ ஆகிய வரலாற்றாசிரியர்கள் இதனைப் பதிவு செய்துள்ளனர்.

இந்நிகழ்ச்சி மருத்துவ உரிமத்தின் தொடக்கமாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆனால் நம் கவனத்துக்குரிய நுட்பம் வேறொன்று. ஸினான் தம் முன் வந்தவர்களைத் தேறியவர், தேறாதவர் என்று இரு கூறாக்கிவிடவில்லை. ஒவ்வொருவரும் எதைச் செய்யத் தகுதியுடையவரோ அதைச் செய்ய மட்டும் அவருக்கு அனுமதி வழங்கினார். இன்றைய மொழியில் சொல்வதாயின் அது வரையறுக்கப்பட்ட உரிமம்.

இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றையும் அந்நூலார் தருகின்றனர். நல்ல உடையும் மதிப்பான தோற்றமும் கொண்ட முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். அவரைக் கற்றறிந்தவர் என்றெண்ணி ஸினான் மரியாதை செய்தார். பிறர் சென்றபின் முதியவர் பொற்காசுகளை எடுத்து வைத்து, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், இத்தொழிலையே நம்பித் தம் குடும்பம் வாழ்கிறது என்றும் கூறி, அதை நிறுத்திவிட வேண்டாமென்று வேண்டினார். ஸினான் சிரித்துவிட்டு நிபந்தனையோடு இசைந்தார். அறியாத நோயில் கைவைக்கலாகாது. எளிய பிணிகளுக்கன்றி இரத்தம் எடுக்கவோ கடும் பேதி மருந்து கொடுக்கவோ சொல்லலாகாது என்பன அந்நிபந்தனைகள். தாம் வாழ்நாள் முழுதும் தேன்காடிப் பானத்தையும் இனிப்புப் பாகையும் கடந்து எதுவும் கொடுத்ததில்லை என்று முதியவர் விடையளித்தார்.

இக்கதையைப் படிப்போர் ஸினானின் இரக்கத்தை வியப்பர். அதனினும் பெரிது அவரது கணிப்பு. எண்ணூறு பேரை ஒரே நாளில் தடை செய்திருந்தால் பாக்தாதின் ஏழைகளுக்கு எவரும் எஞ்சியிருக்கமாட்டார். எல்லோரையும் எதையும் செய்ய விட்டிருந்தால் மற்றுமொரு பாமரர் இறந்திருப்பார். இவ்விரண்டுக்கும் இடையே அவர் கண்ட வழி எல்லைக்கோடு வரைவது. அவ்வெல்லையும் நோயின் கடுமையையும் சிகிச்சையின் அபாயத்தையும் கொண்டு வரையப்பட்டதே அன்றி, ஆளின் தோற்றத்தைக் கொண்டு வரையப்பட்டதன்று.

முஹ்தஸிபின் அளவுகோல்கள்

அங்காடியின் நேர்மையைக் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அலுவலரின் கடமைகளைத் தொகுத்த ஹிஸ்பா நூல்கள் இச்சிந்தனையை மேலும் விரிவாக்கின. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ இயற்றிய நூலில் மருத்துவர், கண் மருத்துவர், எலும்பு கட்டுவோர், அறுவை செய்வோர், இரத்தம் எடுப்போர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. கண் மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண்ணியல் நூலில் தேர வேண்டும். எலும்பு கட்டுபவர் எலும்புகளின் எண்ணிக்கையையும் அமைப்பையும் அறிந்திருக்க வேண்டும். இரத்தம் எடுக்கப் பழகுவோர் முதலில் கீரையிலையின் நரம்புகளில் கத்தியைப் பழக்க வேண்டும் என்றும், சிறுவருக்குக் காப்பாளரின் இசைவின்றி இரத்தம் எடுக்கலாகாது என்றும் விதிகள் உள்ளன. பயிற்சி, எல்லை, இசைவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த விதித்தொகுப்பு அது.

பணி ஒப்படைப்பின் நேரடிச் சான்று அந்தலூசில் கிடைக்கிறது. கி.பி. 1013ஐ ஒட்டி மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, தம் பெருநூலான தஸ்ரீஃபின் முப்பதாம் பகுதியை அறுவை மருத்துவத்துக்கு ஒதுக்கினார். பெண்களின் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றுவது பற்றி எழுதுமிடத்தில், நோயாளியான பெண் ஆடவர் முன் தன்னை வெளிப்படுத்தத் தயங்குவாள் என்பதையும், இக்கலையில் தேர்ந்த பெண்கள் அரியர் என்பதையும் அவர் குறிப்பிடுகிறார். அத்தகைய நிலையில் திறமை வாய்ந்த மருத்துவச்சியை வரவழைத்து, மருத்துவர் படிப்படியாகச் சொல்லச் சொல்ல அவள் செய்ய வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. கை அவளுடையது, அறிவும் வழிநடத்தலும் அவருடையவை. மருத்துவர் அருகிலேயே இருக்கிறார் என்பதையும் நாம் கருத வேண்டும்.

பொறுப்பு குறித்த சட்டச் சிந்தனைக்கு அடிப்படையாக அமைந்தது, மருத்துவத்தில் அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் விளையும் கேட்டுக்கு அவரே ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்னும் கருத்துடைய நபிமொழி. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது. ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் இதனை விளக்கும்போது, மருத்துவர் என்ற சொல் வாயால் மருந்து சொல்பவரை மட்டும் குறிக்காது என்கிறார். கண்ணுக்கு மையிடும் கோலை ஏந்துபவர், கத்தி ஏந்துபவர், இரத்தம் எடுப்பவர், கொம்பு வைப்பவர், எலும்பு கட்டுபவர் ஆகிய அனைவரும் அச்சொல்லில் அடங்குவர். கலையை அறிந்து, அதற்குரிய முறையில், நோயாளியின் இசைவோடு செய்தவரிடம் ஈடு கோரப்படாது. அறியாமையை மறைத்து நோயாளியை நம்பவைத்தவர் தப்ப முடியாது. ஆக, கருவியைப் பிடித்த கைக்கும் பொறுப்பு உண்டு. சொன்னதைத்தான் செய்தேன் என்பது முழு விடையாகாது.

சென்னை மாகாணத்தின் டிரஸ்ஸர்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையில் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்தனர். படைப்பிரிவுகளோ பல. எனவே காயம் கட்டவும் மருந்து கலக்கவும் துணைப் பணியாளர்கள் தேவைப்பட்டனர். அவர்களைப் பயிற்றுவிக்கவே 1835 பிப்ரவரி 2 அன்று சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. மருந்தாளர்களும் இந்திய டிரஸ்ஸர்களும் அங்கே உருவாயினர். 1850இல் சென்னை மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் துணைப் பணியாளருக்கான பள்ளியாகவே பிறந்தது என்பதை இன்று பலரும் நினைவிற்கொள்வதில்லை.

பெண்களின் மருத்துவத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1844இல் சென்னையில் மகப்பேறு மருத்துவமனை உருவானது. அதனையொட்டி மருத்துவச்சிகளுக்கான பயிற்சி பின்னர் தொடங்கிற்று. தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்து வந்த மருத்துவச்சிக்குப் பக்கத்தில், பயிற்சி பெற்றுச் சான்றிதழ் ஏந்திய மற்றொரு மருத்துவச்சி தோன்றினாள். 1926இல் இயற்றப்பட்ட சென்னைச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் இவர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. பதிவு என்பது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. இன்னார் இன்ன பணியைச் செய்யப் பயிற்சி பெற்றவர் என்று அரசு ஊருக்குச் சொல்லும் சாட்சியம் அது.

டிரஸ்ஸருக்கும் பட்டம் பெற்ற மருத்துவருக்கும் நடுவே எல்.எம்.பி. என்னும் மூன்றெழுத்தால் அறியப்பட்ட மருத்துவர் வகுப்பு வளர்ந்தது. நம் முந்தைய தலைமுறையினர் சிற்றூர்களில் கண்ட டாக்டர்களில் பெரும்பாலோர் அவ்வகுப்பினரே. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் குழு, அன்றைய இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் 47,524 பேரில் 29,870 பேர் இத்தகைய உரிமம் பெற்றவர்கள் என்றும், பட்டதாரிகள் 17,654 பேரே என்றும் கணக்கிட்டது. சென்னை ஏ. இலட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த அக்குழு, இனி ஒரே தரமுடைய அடிப்படை மருத்துவர் போதும் என்றும், குறுகிய படிப்பைக் கைவிடலாம் என்றும் பரிந்துரைத்தது. உறுப்பினர் அறுவர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். கிராமங்களுக்கு மருத்துவர் கிடைப்பதற்கு வெகுகாலம் ஆகும் என்பது அவர்களது அச்சம்.

இவ்விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஏழைக்குத் தாழ்ந்த தர மருத்துவர், செல்வருக்கு உயர்ந்த தர மருத்துவர் என்ற பாகுபாட்டைச் சுதந்திர நாடு ஏற்கலாகாது என்பது பெரும்பான்மையோர் நியாயம். எவரும் இல்லாமையினும் ஒருவர் இருப்பது மேல் என்பது சிறுபான்மையோர் நியாயம். எனினும் இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். குறைந்த படிப்புடன் தனித்து இயங்கும் மருத்துவரை உருவாக்குவது ஒன்று. மருத்துவரின் கண்காணிப்பில் வரையறுத்த பணியைச் செய்யும் பணியாளரை உருவாக்குவது மற்றொன்று. முன்னதன் கதவை அக்குழு மூடியது. பின்னதன் தேவையை அது மறுக்கவில்லை. ஆனால் கதவு மூடப்பட்டதால் தேவை மறைந்துவிடவில்லை. மருத்துவர் இல்லாத ஊர்களில் கம்பவுண்டர் ஊசி போட்டார். அவருக்கு எல்லை வகுத்தவரும் இல்லை. அவர் செய்ததைக் கேட்டவரும் இல்லை. முறையான ஒப்படைப்பு இல்லாத இடத்தில் முறையற்ற ஒப்படைப்பு தானே முளைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

வீடு தேடிச் சென்ற சிகிச்சை

முறையான ஒப்படைப்பு எதைச் சாதிக்கும் என்பதையும் தமிழகமே உலகுக்குக் காட்டியது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தன் ஆய்வைத் தொடங்கியபோது, காசநோயாளி சானட்டோரியத்தில் படுத்திருந்தாக வேண்டும் என்பதே உலக வழக்கு. நோயாளிகளின் எண்ணிக்கையோ படுக்கைகளின் எண்ணிக்கையைப் பன்மடங்கு விஞ்சியிருந்தது. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானட்டோரியத்திலும் மற்றவர்க்கு அவர்தம் நெருக்கமான வீடுகளிலும் ஒரே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. மருந்தை முடிவு செய்தவர் மருத்துவர். வீட்டுக்குச் சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணி, உட்கொண்டதை உறுதி செய்தவர்கள் சுகாதாரப் பார்வையாளர்கள். சானட்டோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியது. வீட்டிலுள்ளோருக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு சானட்டோரியங்களின் காலத்தை முடித்து வைத்தது.

இரண்டாவது சான்று மதுரை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கிராமத்துப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு ஈராண்டுப் பயிற்சி பெறுகின்றனர். பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, அறுவைக்கு நோயாளியை ஆயத்தப்படுத்துவது, கருவிகளை ஒழுங்கு செய்வது ஆகியவற்றை அவர்கள் செய்கின்றனர். நோயை முடிவு செய்வதும் கத்தியைத் தொடுவதும் மருத்துவர் பணி. மருத்துவரின் நேரம் அவரால் மட்டுமே இயல்வதற்கு ஒதுக்கப்பட்டதால், கட்டணம் செலுத்த இயலாத பெருந்திரளான மக்களுக்குக் கண்புரை அறுவை எட்டும் தூரத்தில் வந்தது.

எல்லையை எழுதிவைப்பது எங்ஙனம் என்பதற்கு, துணைச் செவிலியருக்கான பேறுகால வழிகாட்டியை எடுத்துக்காட்டலாம். 2010இல் திருத்தப்பட்ட இந்திய அரசின் அவ்வழிகாட்டி, பேறுகாலத்தில் வலிப்புக் கண்ட தாய்க்கு மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் தவணையைத் துணைச் செவிலியரே போடலாம் என்கிறது. போட்டபின் உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஒரு தவணை, பின்னர் பயணம். மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் போகும் உயிர் அதனால் காக்கப்படுகிறது. ஆயினும் அவர் மருத்துவராகிவிடுவதில்லை. அனுமதியும் வரம்பும் ஒரே சொற்றொடரில் அமைந்த விதி இது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் இவ்வழியினதே. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோரின் இல்லங்களுக்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சென்று அளவு பார்த்து, மருத்துவர் முடிவு செய்த மாத்திரைகளைச் சேர்ப்பிக்கின்றனர். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்ற இத்திட்டம் தொழிற்கூடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

சட்டம் வகுத்த வரம்பு

இந்நாட்டில் பணி ஒப்படைப்புக்கென ஒரே சட்டம் இல்லை. விதிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் அவற்றுள் முதன்மையானவை. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வெளியாகி, அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே தொடர்கின்றன. தகுதியற்றவருக்கு மருத்துவத் திறமைச் சான்று வழங்கலாகாது என்று அவை மருத்துவரைத் தடுக்கின்றன. அதேவேளை மருத்துவச்சிகளையும் மருந்தாளர்களையும் தொழில்நுட்ப உதவியாளர்களையும் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் முறையாகப் பயிற்றுவிப்பதை அத்தடை கட்டுப்படுத்தாது என்றும் தெளிவுபடுத்துகின்றன. உதவியாளர்களை அமர்த்தி மருத்துவ இல்லம் நடத்தும் மருத்துவரையே இறுதிப் பொறுப்பு சாரும் என்பது அவற்றின் மற்றொரு விதி.

இதனை நீதிமன்றமும் உறுதி செய்தது. ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இத்துறையில் ஒரு மைல்கல். காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட குழந்தைக்குச் செவிலியர் ஒருவர் தவறான மருந்தை ஊசி வழியே செலுத்தினார். இதயம் நின்று, மூளை மீளாப் பாதிப்புக்கு உள்ளானது. தகுதி பெறாதவரிடம் அப்பணி விடப்பட்டிருந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாயும் இழப்பீடாக வழங்கும் முடிவை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. பணியைச் செய்ய இயலாதவர் என்று அறிந்தே இளையவரிடம் ஒப்படைப்பது மூத்த மருத்துவரின் கவனக்குறைவாகவே கருதப்படலாம் என்னும் கோட்பாட்டையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது.

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 32ஆம் பிரிவில் சமுதாய நலவாழ்வு வழங்குநர் என்ற புதிய வகுப்பினருக்கு வரையறுத்த உரிமம் வழங்க இடம் தந்தது. அவர்களின் எண்ணிக்கை உரிமம் பெற்ற மருத்துவரில் மூன்றிலொரு பங்கை விஞ்சலாகாது. முதல்நிலை, தடுப்பு மருத்துவத்தில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம். பிறவற்றில் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். ஸினான் அம்முதியவருக்கு விதித்த நிபந்தனையை இப்பிரிவு நமக்கு நினைவூட்டாமல் இராது.

பிற நாடுகளுள் ஜெர்மனி இத்துறையில் தெளிவான வழிகாட்டு. அங்கே மருத்துவர் சங்கமும் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பும் செய்துகொண்ட உடன்பாடு 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நோய் வரலாற்றைக் கேட்டறிதல், நோயை முடிவு செய்தல், நோயாளிக்கு விளக்குதல், சிகிச்சையைத் தீர்மானித்தல் ஆகியன மருத்துவரின் உள்ளார்ந்த பணிகள். அவற்றை ஒப்படைக்கவே முடியாது. ஒப்படைக்கத் தக்க பணிகளின் எடுத்துக்காட்டுப் பட்டியலும் உண்டு. ஒப்படைக்கும் மருத்துவருக்கு மூன்று கடமைகள்: தகுதியுடையவரைத் தேர்தல், அவருக்கு வழிகாட்டுதல், அவரைக் கண்காணித்தல். அஸ்ஸஹ்ராவீ மருத்துவச்சியை அழைத்துவரச் சொன்னபோது எதிர்பார்த்ததும் இம்மூன்றையே.

ஆலையின் வாயிலில்

இவ்வளவையும் மனத்திற்கொண்டு வல்லம் வடகாலுக்குத் திரும்புவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 45ஆம் பிரிவில் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. அப்பெட்டி மாநில அரசு ஏற்ற முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில், வேலை நேரம் முழுதும் கிட்டும் நிலையில் இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் மருத்துவ அறையும், விதிக்கப்பட்ட மருத்துவ, செவிலியப் பணியாளரும் வேண்டும். அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, சான்றளிக்கும் அரசு மருத்துவர் தம் அதிகாரத்தை வேறொரு தகுதியுள்ள மருத்துவரிடம் ஒப்படைக்க மாநில அரசின் இசைவு வேண்டும் என்றது. மருத்துவர் மற்றொரு மருத்துவரிடம் ஒப்படைப்பதற்கே இத்தனை காப்பு. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ளது. 500 பேர் என்ற மருத்துவ அறை வரம்பு அதிலும் தொடர்கிறது.

ஆயினும் இவ்விதிகள் அறையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் பேசும் அளவுக்கு, அங்கிருப்பவர் எதைத் தாமே செய்யலாம் என்பது பற்றிப் பேசுவதில்லை. மேலும் இவை பணியிடத்தை நோக்கி எழுந்தவை. பணி முடிந்து தொழிலாளி உறங்கும் விடுதியே ஒரு நகரமாக வளரும் என்பதை 1948இல் எவரும் எண்ணியிருக்கமாட்டார். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் மின்னணு ஆலை ஒன்றுக்குரிய பெண்கள் விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், தோழியரின் நிலை தெரியாத தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்ததும் நாடறிந்தவை. நோயினும் அங்கே கொடிதாக இருந்தது, யார் பார்த்தார், எங்கே கொண்டுசென்றார், என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் பொறுப்புடைய குரல் இல்லாமையே.

ஆலை மருத்துவ அறைக்கு ஊர் மருத்துவமனைக்கு இல்லாத ஓர் இடர் உண்டு. அங்கே அமர்ந்திருக்கும் செவிலியருக்கு ஊதியம் அளிப்பது நிர்வாகம். இளம்பெண் ஒருத்தி அடிவயிற்று வலியோடு வந்தால் அது மாதவிலக்கு வலியாக இருக்கலாம். குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம். கருக்குழாயில் தங்கிய கருவாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது நோயை முடிவு செய்யும் பணி. ஒப்படைக்க முடியாத பணி. வலி மாத்திரை தந்து இயந்திரத்தருகே திருப்பி அனுப்பிவிட்டால், செவிலியர் தம்மையறியாமலே அம்முடிவை எடுத்தவராகிறார். அதனை அவரிடம் ஒப்படைத்தவர் எந்த மருத்துவரும் அல்லர். உற்பத்தியின் அவசரமே ஒப்படைத்தது. ஒப்படைப்பு மருத்துவரிடமிருந்துதான் வரவேண்டும், மேலாளரிடமிருந்து வரலாகாது என்பதை ஆலை விதிகளின் முதல் வரியாக எழுத வேண்டியுள்ளது.

அதனைத் தொடர்ந்து எழுத வேண்டியவற்றையும் இவ்வரலாறே நமக்குக் கற்பித்துள்ளது. பணியிலிருப்பவர் யார், அவர் பெற்ற பயிற்சி யாது, அவருக்கு மேற்பார்வை செய்யும் மருத்துவர் யார், இரவில் அவரை எப்படி அழைப்பது என்பன மருத்துவ அறையிலும் விடுதியிலும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தெந்த அறிகுறி கண்டால் பணியாளர் தாமாக எதையும் முடிவு செய்யாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் வேண்டும். அப்படி அனுப்பியதற்காக எவரும் கண்டிக்கப்படலாகாது. கொடுத்த மருந்தும் கொடுத்தவர் பெயரும் ஏட்டில் பதியப்பட வேண்டும். இவை தமிழில் மட்டுமன்றி, வேறு மாநிலங்களிலிருந்து வந்து அங்கே உழைப்போர் அறிந்த மொழிகளிலும் இருக்க வேண்டும். தன்னைப் பார்ப்பவர் மருத்துவரா அல்லரா என்பதை அறிவது நோயாளியின் உரிமை. இசைவு என்பது அந்த அறிவிலிருந்தே தொடங்குகிறது.

மருத்துவர் அனைவரிடமும் எல்லா நேரத்திலும் இருக்க முடியாது. ஆகவே பணி ஒப்படைப்பு தவிர்க்கவொண்ணாதது. அதனை ஏழைகளுக்கான குறைந்த மருத்துவமாக இகழ்வதும், செலவைக் குறைக்கும் தந்திரமாகக் கையாள்வதும் ஒருங்கே தவறானவை. சென்னையின் சுகாதாரப் பார்வையாளரும் மதுரையின் கிராமத்துப் பெண்ணும் மருத்துவரின் குறையை ஈடுசெய்தவர்கள் மட்டுமல்லர். தம் எல்லைக்குள் மருத்துவரினும் நுணுக்கமாகப் பணியாற்றியவர்கள். அவர்களின் பின்னே பெயர் சொல்லக்கூடிய ஒரு மருத்துவர் நின்றார் என்பதே அவ்வெற்றியின் திறவுகோல். நோயாளியின் உடல் மருத்துவரிடம் அமானிதம். அமானிதத்தைப் பாதுகாக்கத் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். கேட்கப்படும் நாளில் விடை சொல்ல வேண்டியவர் அதனை முதலில் ஏற்றுக்கொண்டவரே. வல்லம் வடகாலின் 18,720 படுக்கைகளில் உறங்குவோருக்கும் அவ்வாறு விடை சொல்லும் ஒருவர், பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.